காஸ் முடிந்துவிட்டது என்று சொன்னால் உடனே நம்பாதே

வெள்ளவத்தை,
சித்திரை

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. மகள் கம்பஸ் போகப்போகிறாள் என்று வாசித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. மற்றது இந்த வெக்கை. மத்தியானத்தில் காலி வீதி நெரிசலில் ஏசி இல்லாத காருக்குள் இருந்தால் புட்டுப் பானைக்குள் இருப்பது போலத்தான்.

உன் கார் ஏசி விஷயத்துக்கு வருகிறேன். போன வருடமும் காஸ் அடித்தார்கள், இந்த வருடமும் 'காஸ் முடிஞ்சுது' என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். எனக்குக் கோபம்தான் வந்தது. ஓட ஓட எரிந்து தீர அது என்ன பெற்றோலா? மூடிய குழாய்களுக்குள் திரும்பத் திரும்பச் சுற்றுகிற சாமான். ரப்பர் குழாய் வழியே வருடக்கணக்கில் கொஞ்சம் போகும், அது வேறு. ஒரே வருடத்தில் குளிர் நிற்கிறதென்றால் எங்கோ கசிகிறது, இல்லாவிட்டால் கோளாறே காஸில் இல்லை.

ஓடும்போது குளிர்கிறது, சந்தியில் நின்றால் சூடான காற்று வருகிறது என்கிறாயே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஓடும்போது எதிர்க்காற்றே கண்டென்சரை, அதாவது காஸின் சூட்டை வெளியே விடுகிற முன்பக்கத் தகட்டை, ஆற்றிவிடும். நின்றால் அந்த வேலையை விசிறி செய்ய வேண்டும். பொனட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டுப் பார். கொஞ்ச நேரத்தில் விசிறி சுழலவேண்டும். கையை மட்டும் கிட்டக் கொண்டுபோகாதே, அது சொல்லாமல் கொள்ளாமல் தொடங்கும். சுழலாவிட்டால் பியூஸைப் பார், அப்புறம் ரிலேயை, அதுதான் விசிறிக்கு மின்சாரத்தைத் திறந்துவிடுகிற சின்ன சுவிட்ச் பெட்டி. பல கார்களில் ஹோர்ன் ரிலேயும் இதுவும் ஒரே இனம். ரிலேக்களின் மேல் எழுதியிருக்கிற நம்பர்கள் ஒத்துப்போனால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். செலவே இல்லை.

விசிறி சரி என்றால் கண்டென்சரைக் கழுவு. சாதாரண தண்ணீர்க் குழாய் போதும், சர்விஸ் ஸ்டேஷனில் வேகமாக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். இங்கே மரைன் டிரைவ் பக்கம் நிற்கிற கார்களில் உப்புக் காற்று அந்த அலுமினியத்தையே தின்றுவிடுகிறது. நீயும் கடற்கரை ஊர்தானே.

காற்றே குறைவாக வந்தால் அது வேறு கதை. அநேகமாக டாஷ்போர்ட் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற பில்டர் அடைத்திருக்கும். கழற்றிப் பார்த்தால் அருவருப்பாக இருக்கும், மனைவிக்குக் காட்டாதே.

உண்மையாகவே கசிவு என்றால் கண்ணுக்கே தெரியலாம். காஸோடு எண்ணெயும் சுற்றுவதால், கசிகிற மூட்டில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பாகப் பிடித்திருக்கும். அதைக் கண்டால் கராஜ்காரரிடம் காட்டு. முதலில் கசிவை அடைத்து, குழாய்க்குள் இருக்கிற காற்றை வெற்றிடமாக இழுத்து, பொனட் ஸ்டிக்கரில் போட்டிருக்கிற கிராம் கணக்குக்குத் தராசில் எடை பார்த்து அடிக்கச் சொல். அளவுக்கு மேலே அடித்தாலும் குளிர் குறையும், காஸை அமுக்கிச் சுற்றவைக்கிற கொம்பிரசருக்கும் கேடு. டின் வாங்கி நீயே அடிக்கப் பார்க்காதே. ஆர்-134ஏ என்கிற அந்தக் காஸ் கொதிப்பது மைனஸ் 26 பாகையில், அந்தக் குளிர் கண்ணில் பட்டால் பெரிய வில்லங்கம்.

உன் மைத்துனரின் டொயோட்டா அக்வா ஹைபிரிட் காரில் மட்டும் இந்த ஆராய்ச்சி வேண்டாம். ஹைபிரிட்டின் கொம்பிரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவது, செம்மஞ்சள் வயரைத் தொடவே கூடாது. அதற்கு எண்ணெயும் வேறு. சாதாரண கார் ஏசிகளில் போடுகிற பிஏஜி எண்ணெய் கலந்தால் மின்கசிவு காட்டி நின்றுவிடும்.

அப்புறம், ரிலேயோ விசிறி மோட்டாரோ தேவைப்பட்டால் சொல், பழைய கார்ச் சாமான் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில் தேடிப் பார்க்கிறேன். கார் மொடலையும் வருடத்தையும் எழுது, பழைய சாமானின் படத்தையும் அனுப்பு. நம்பர் தெளிவாகத் தெரியட்டும்.

அன்புடன்,
உன் மச்சான்