‘எங்க லிமிட் இல்ல’ என்று சொல்லும் முன்

காவல் நிலையங்களில் புகார் வாங்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம். போன வருடம் ஒரு நாள் இரவு, பாலத்தின் நடுவே ஒருவர் பைக்கோடு விழுந்து கிடப்பதைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். இடித்த கார் நிற்காமல் போய்விட்டது. 108-க்கு போன் செய்தோம். ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. காரின் நிறமும், எண்ணில் கடைசி நான்கு இலக்கமும் எனக்கு நினைவிருந்தன. சொல்லிவிட்டு வரலாம் என்று பக்கத்து ஸ்டேஷனுக்குப் போனேன்.

“பாலத்துல எந்தப் பக்கம்?” என்பதுதான் முதல் கேள்வி. நடுவில் என்றேன். “அப்ப எங்க லிமிட் இல்ல சார், அந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போங்க.” அங்கே போனால், விபத்து என்றால் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். மூன்றாவது இடத்தில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர்தான் “முதல்ல உக்காருங்க” என்று சொல்லித் தாளை எடுத்தார். அதற்குள் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் முன்விளக்கு உடைந்த ஒரு கார் எத்தனை சுங்கச்சாவடிகளைத் தாண்டியிருக்கும் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

உங்கள் வேலைச் சுமை எனக்குப் புரிகிறது. வழக்கை எந்த நிலையம் விசாரிப்பது என்பதற்கு எல்லை தேவைதான். ஆனால் தகவலை வாங்கிக்கொள்ள எல்லை தேவையில்லை என்று சட்டமே சொல்லிவிட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவில், சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் தகவல் தரலாம் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. வாயால் சொல்லலாம், மின்னணு வழியில் அனுப்பலாம். அப்படி அனுப்பினால் மூன்று நாளுக்குள் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். எல்லை பார்க்காமல் பதியும் முதல் தகவல் அறிக்கையான ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய நிலையத்துக்கு அனுப்பிவைப்பது உங்களுக்குள் நடக்க வேண்டிய வேலை. அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு ரத்தக் கறை படிந்த சட்டையோடு ஒரு அண்ணனோ அப்பாவோ ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலையக் கூடாது.

புகார் வந்தது என்று பதிவேட்டில் குறித்துக்கொண்டு கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீது பற்றியும் சொல்ல வேண்டும். தொலைந்த ஆவணம், அண்டை வீட்டுத் தகராறு போன்றவற்றுக்கு அது போதும். ஆனால் மோட்டார் வாகனம் இடித்து ஒருவர் காயப்பட்டிருக்கிறார் என்றால், அது பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம். அப்படிப்பட்ட குற்றத்தைத் தகவல் காட்டினால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2013-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. ரசீதைக் கையில் வாங்கியவர் வழக்குப் பதிவாகிவிட்டது என்று நம்பி வீட்டுக்குப் போய்விடுகிறார். இரண்டும் வேறு என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. இதுதான் எனக்கு மிகவும் வலிக்கிற இடம். இடித்த வண்டி கடைசிவரை கிடைக்காமல் போனாலும், இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும், பலத்த காயமடைந்தவருக்கு 50,000 ரூபாயும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-வது பிரிவின்படி கிடைக்க வழி இருக்கிறது. அந்த விண்ணப்பத்தை விசாரிக்கிறவர் முதலில் தேடுவது எஃப்.ஐ.ஆரைத்தான்.

அவசர உதவி எண்ணான 112 விஷயத்திலும் இதே குழப்பம்தான். அந்த எண்ணுக்கு அழைத்தால் ரோந்து வண்டி வரும். ஆனால் அந்த அழைப்பு மட்டுமே எஃப்.ஐ.ஆர். ஆகிவிடாது. தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, இணையத்தில் பணம் பறிபோனால் 1930 என்று எண்கள் பல இருக்கின்றன. எதில் அழைத்தாலும், “இதோடு முடியவில்லை, நிலையத்தில் எழுத்தாகக் கொடுங்கள்” என்று வந்து இறங்குகிற காவலர் ஒரு வார்த்தை சொன்னால் எத்தனையோ பேர் பிழைத்துக்கொள்வார்கள்.

அப்புறம், சாட்சிகள். அன்று பாலத்தில் என்னோடு ஐந்தாறு பேர் நின்றார்கள். ஸ்டேஷன் என்றதும் ஒருவர்கூட வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பெயர், முகவரி கேட்பார்கள், கோர்ட்டுக்கு இழுப்பார்கள் என்ற பயம் ஒரு நாளில் வந்ததல்ல. 2016-ல் உச்ச நீதிமன்றம் உதவுகிறவர்களுக்கான வழிகாட்டு நெறிகளுக்குச் சட்ட வலு கொடுத்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில், உதவுகிறவர்களைக் காக்க 134ஏ என்ற பிரிவே சேர்ந்தது. காயப்பட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவியவரைப் பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று விதிகளிலும் வந்துவிட்டது. எனக்கு இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்தது. அன்றைக்கே உங்களில் ஒருவர் சொல்லியிருந்தால், அந்த ஐந்தாறு பேரில் இரண்டு பேராவது வந்திருப்பார்கள். முழு எண்ணும் கிடைத்திருக்கலாம்.

பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். அந்த வழி இருப்பது தெரிந்தும் அதைப் பெரிதாக எழுத விரும்பவில்லை. மருத்துவமனை வராந்தாவில் ராத்தூக்கம் கெட்டு உட்கார்ந்திருப்பவரால் அவ்வளவு தூரம் போக முடியாது.

அதனால் கேட்பது இதைத்தான். வந்தவரை உட்காரவைத்து, எப்போது, எங்கே, என்ன வண்டி என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்து நிலையத்துக்கும் சுங்கச்சாவடிக்கும் நீங்களே போன் செய்யுங்கள். எல்லை யாருடையது என்பதை அதற்குப் பிறகு பாருங்கள். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கையில் கொடுத்து, இது சி.எஸ்.ஆர். அல்ல என்று சொல்லி அனுப்புங்கள்.

அந்தத் தலைமைக் காவலர் இதில் எல்லாவற்றையும் செய்தார். எழுதி முடித்ததும் நான் சொன்னதை எனக்கே ஒருமுறை படித்துக் காட்டினார். முழுதாகச் செய்ய அவருக்கு இருபது நிமிடம் ஆனது.

இப்படிக்கு,
அன்று மூன்று ஸ்டேஷன் ஏறி இறங்கிய ஒருவன்