அம்மாவின் இருதய மாத்திரை

அன்புள்ள பூங்கொடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மஞ்சள் வேக வைக்கிற நேரத்தில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோபிக்கும் ஈரோட்டுக்கும் அலைகிறாய் என்று படித்ததும் மனசு கேட்கவில்லை. இங்கே கோவையில் எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்கு பார்மசி கடைசி வருஷம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். “இருதயம் பலவீனம்னு சொல்லிப்போட்டு, அதை இன்னும் மெதுவாக்குற மாத்திரையை எதுக்குக் கண்ணு குடுக்கறாங்க?” என்று அம்மா கேட்டதாக எழுதியிருந்தாயே, எவ்வளவு நல்ல கேள்வி! 1975இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் மருத்துவர்கள் தளர்ந்த இருதயத்துக்கு இந்த வகை மாத்திரையைக் கொடுத்துக் காட்டியபோது பலர் நம்பவில்லை. 1999இல் பெரிய ஆய்வுகள் வந்த பிறகுதான் இது உயிரைக் காக்கிறது என்பது உறுதியானது.

இருதயத் தசைச் செல்களின் மேல் அட்ரினலின் என்ற ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. நல்ல இருதயத்தின் கீழறைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் பீட்டா-1 என்ற வகை, மீதி பீட்டா-2 வகை. இருதயம் தளர்ந்தால், அதை எப்படியாவது ஓட்ட உடம்பு ஓயாமல் அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் சுரக்கும். தாங்க முடியாமல் செல் தன் பீட்டா-1 ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. பீட்டா-2 அவ்வளவாகக் குறைவதில்லை. விகிதம் 60க்கு 40 என்று ஆகிவிடுகிறது.

எத்தனை வருஷம் பாடம் எடுத்தாலும் இந்த இடம் எனக்கு அலுப்பதில்லை. ஒரே ஹார்மோன்தான், ஆனால் இரண்டு வகை ஏற்பிகளும் செல்லுக்குள் வேறு வேறு வேலையைத் தொடங்கி வைக்கின்றன. பீட்டா-1 விடாமல் தூண்டப்பட்டால் செல் செத்துப்போகும். பீட்டா-2வோ தூண்டும் புரதத்தோடு அடக்கும் புரதத்தையும் இயக்கும். எலியின் இருதயச் செல்களில் அது சாவைத் தடுப்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்.

அம்மாவுக்குக் கொடுத்திருக்கும் மெட்டோப்ரோலால் முக்கியமாக பீட்டா-1ஐ மறிக்கிறது. தூண்டுதல் அடங்கியதும் செல் மெல்ல மெல்ல பீட்டா-1ஐ மறுபடி கூட்டிக்கொள்ளும். கார்வெடிலால் என்ற இதே வகை மாத்திரை ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதில்லை, ஆனாலும் நல்ல பலன் தருகிறது. அப்படியென்றால் பலனுக்கு வேறு காரணங்களும் உண்டு. அதை நேரில் பேசலாம்.

ஒன்று மட்டும் மறக்காதே. களைப்பாக இருக்கிறது என்று அம்மா மாத்திரையைத் திடீரென்று நிறுத்த விட்டுவிடாதே. கூடியிருக்கும் ஏற்பிகளின் மேல் அட்ரினலின் மொத்தமாகப் பாயும், அது ஆபத்து. மூச்சு வாங்கினாலோ கால் வீக்கம் கூடினாலோ உடனே டாக்டரிடம் காட்டு, அளவை அவரே மாற்றட்டும். அப்புறம், மஞ்சள் வேலை முடிகிற வரை அம்மா இங்கேயே இருக்கட்டுமே. ஞாயிற்றுக்கிழமை நானே வந்து கூட்டி வருகிறேன்.

அன்புடன்,
செல்வி