‘லோபுலர்’ என்று சொல்ல மறக்காதே

அன்புக் கண்ணு,

நீ அனுப்பிய பயாப்ஸி அறிக்கையை இரண்டு தடவை வாசித்தேன். உன் மார்பகத்தில் வந்திருப்பது லோபுலர் வகை, அதாவது பால் சுரக்கும் மடல்களின் பெயரால் அழைக்கப்படும் புற்று. “கட்டின்னு ஒண்ணுமே கையில படலியேம்மா, போன வருஷம் மேமோகிராமும் சுத்தமாத்தானே வந்துச்சு?” என்று கேட்டாயே, அதிலிருந்தே தொடங்குகிறேன். போனில் பேசினால் இரண்டு பேருக்கும் தொண்டை அடைக்கிறது. எழுதினால், அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கும்போது கையில் வைத்துக்கொள்வாய்.

நம் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க ஈ-கெடெரின் என்ற புரதம் பசை மாதிரி வேலை செய்கிறது. அதைச் செய்யச் சொல்வது 16ஆம் குரோமோசோமில் இருக்கும் சிடிஎச்1 மரபணு. லோபுலர் புற்றில் இந்தப் பசை போய்விடுகிறது. உன் அறிக்கையில் ‘ஈ-கெடெரின் நெகட்டிவ்’ என்று இருப்பது அதுதான். பசை இருக்கும் டக்டல் புற்றில், அதாவது பால் குழாயின் பெயர் கொண்ட பொதுவான வகையில், செல்கள் திரண்டு உருண்டையாகும், கையில் கல் மாதிரி தட்டுப்படும். பசை இல்லாதவை எறும்புச் சாரை போல ஒற்றை வரிசையில், நல்ல திசுவுக்கு நடுவே நுழைந்து போகும். திசுவைத் தள்ளுவதும் குறைவு, சுண்ணாம்புப் புள்ளிகள் விடுவதும் குறைவு. அதனால்தான் மேமோகிராமில் தப்பிவிடுகிறது. உனக்கு ‘அந்தப் பக்கம் கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது’ என்றுதான் தோன்றியது. அந்தத் தடிப்புதான் இதன் அடையாளம். அதை அலட்சியம் செய்யாமல் போய்க் காட்டினாயே, அது பெரிய காரியம். மார்பகத்தில் பரவும் புற்றுகளில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து இந்த வகை. நீ மட்டும் விதிவிலக்கு என்று நினைக்காதே.

ஏன் வந்தது என்று ராத்திரியெல்லாம் யோசிக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். வயது முதல் காரணம். மாதவிலக்கு நின்ற பிறகு நீ போட்டுக்கொண்ட ஹார்மோன் சிகிச்சையையும் மறைக்காமல் சொல்கிறேன்: ஈஸ்ட்ரோஜெனும் புரோஜெஸ்டோஜெனும் சேர்ந்த மருந்து, டக்டலைவிட லோபுலர் வகையின் ஆபத்தைக் கூடுதலாக ஏற்றுகிறது. 2002இல் அமெரிக்காவில் பெரிய ஆய்வொன்றைப் பாதியில் நிறுத்தியதும், 2003இல் நீ இருக்கும் பிரிட்டனிலேயே மில்லியன் விமன் ஆய்வு வெளிவந்ததும் இந்தக் கேள்வியில்தான். ஆனால் அந்த மருந்தைப் போட்ட பெண்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்று வருவதில்லை. உனக்கு வந்தது அதனால்தான் என்று யாராலும் கைகாட்ட முடியாது. இப்போது செய்ய வேண்டியது அதை நிறுத்துவது. இன்னும் நிறுத்தவில்லை என்றால் இன்றே கேட்டு நிறுத்து. தாமதமான முதல் பிரசவம், மது, மாதவிலக்கு பிந்தி நிற்பது இவையும் பட்டியலில் உண்டு.

குடும்பத்தைப் பற்றி மரபணு ஆலோசகர் கேட்டால், அப்பா வழியையும் சொல். பலரும் அம்மா வழியை மட்டும்தான் சொல்வார்கள். சிடிஎச்1 கோளாறு பிறவியிலேயே இருந்தால் லோபுலரோடு வயிற்றுப் புற்றும் வரலாம். அதனால் அவர்கள் ‘வயிற்றில் யாருக்காவது புற்று வந்ததா?’ என்று கேட்பார்கள். நம் இரண்டு பக்கத்திலும் அப்படி யாருக்கும் இல்லை. உன் அத்தைக்கு வந்தது கர்ப்பப்பைவாய்ப் புற்று, அது வேறு கணக்கு, குழப்பிக்கொள்ளாதே. பிஆர்சிஏ2 போன்ற மற்ற மரபணுக்களையும் சேர்த்துப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

இப்போது அளவு. மேமோகிராமில் 1.8 செ.மீ., அல்ட்ராசவுண்டில் 2.4, எம்.ஆர்.ஐ.யில் 4.1 என்று மூன்று எண் இருப்பதால் பயந்துவிட்டாய். ஒரு மாதத்தில் அது இரண்டு மடங்கு வளரவில்லை. சாரையின் வால் எம்.ஆர்.ஐ.யில்தான் தெரிகிறது, அவ்வளவே. மார்பகத்தை வைத்துக்கொண்டே அறுவை செய்ய நினைத்தால் லோபுலருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்று அங்கே வழிகாட்டுதலே இருக்கிறது. ஆனால் எம்.ஆர்.ஐ. சில சமயம் கூட்டியும் காட்டும். அதில் புதிதாகத் தெரிந்த இன்னொரு புள்ளியை வைத்து ‘முழுதாக எடுத்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால், அந்தப் புள்ளியிலும் பயாப்ஸி எடுத்த பிறகுதான் சரி என்று சொல்.

பகுதி மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுப்பதும், முழு மார்பகத்தையும் எடுப்பதும், ஓரம் சுத்தமாக வந்தால் உயிரைக் காப்பதில் சமம். லோபுலரில் சிக்கல் அந்த ஓரத்தில்தான். எடுத்த திசுவின் ஒவ்வொரு பக்கத்துக்கும் வெவ்வேறு நிற மை பூசி, மைக்கும் புற்றுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று, திசுவைச் சோதிக்கும் பாத்தாலஜிஸ்டுகளான நாங்கள் மைக்ராஸ்கோப்பில் அளப்போம். அங்கே 1 மி.மீ. இருந்தால் போதும் என்பார்கள். சாரையாக ஓடும் செல்கள் சர்ஜனின் கையிலும் கண்ணிலும் படாது. அதனால் இரண்டாம் முறை கத்தி வைக்க நேர்வது இந்த வகையில் அதிகம். அப்படி நேர்ந்தால் சர்ஜன் பிழை செய்தார் என்று எண்ணாதே. ஓரத்தில் சாதாரண எல்.சி.ஐ.எஸ். (மடலுக்குள்ளேயே நிற்கும், வெளியே பரவாத மாறிய செல்கள்) மட்டும் இருந்தால் மறுபடி அறுக்கத் தேவையில்லை. ‘பிளியோமார்ஃபிக்’, அதாவது செல்களின் வடிவம் தாறுமாறாக மாறிய வகை, என்று எழுதியிருந்தால் மட்டும் கட்டாயம் பேச வேண்டும்.

அக்குளில் புற்று முதலில் போய்ச் சேரக்கூடிய நெறிக்கட்டியைக் கண்டுபிடிக்க நீலச் சாயம் போடுவார்கள். அடுத்த நாள் சிறுநீர் பச்சையாகப் போகும், பதறாதே. லோபுலர் செல் தனித்தனியாக நெறிக்கட்டிக்குள் கிடந்தால், அங்கே இயல்பாக இருக்கும் லிம்ஃபோசைட் என்ற வெள்ளணு போலவே தெரியும். கெரட்டின் சாயம் புற்றுச் செல்லை மட்டும் எடுத்துக்காட்டும். ‘கெரட்டின் சாயம் போட்டுப் பார்த்தீர்களா?’ என்று கேள். இந்தக் கேள்வியில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ரேடியேஷன் முன்பு மூன்று, ஐந்து வாரம் என்று இழுக்கும். இப்போது அங்கே பலருக்கும் ஒரே வாரத்தில் ஐந்து தடவை, மொத்தம் 26 கிரே (கதிர்வீச்சின் அளவு).

கீமோ வேண்டுமா என்பதற்கு அவசரப்படாதே. உன் ஈஸ்ட்ரோஜென் ரிசப்டர் (செல்லில் அந்த ஹார்மோனைப் பிடிக்கும் புரதம்) 8க்கு 8, புற்றை வளர்க்கும் ஹெர்2 புரதம் 1+ (அதாவது நெகட்டிவ்), செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்று சொல்லும் கிரேடு 2. கீமோவால் கட்டியைக் கரைத்துவிட்டு அறுக்கும் திட்டம் இந்த வகையில் பெரும்பாலும் ஏமாற்றும். மெதுவாகப் பெருகும் செல்கள் கீமோவுக்கு அசைந்து கொடுப்பதில்லை. அறுவைக்குப் பிறகு ஆன்கோடைப் என்ற 21 மரபணுச் சோதனை செய்வார்கள்; நோய் திரும்பும் ஆபத்தை அது மதிப்பெண்ணாகச் சொல்லும். மாதவிலக்கு நின்றவர்களுக்கு நெறிக்கட்டி மூன்று வரை இருந்து, மதிப்பெண் 25க்குள் வந்தால் கீமோ சேர்ப்பதில் பலன் இல்லை. லோபுலரில் அதற்கு மேல் போவது குறைவு.

உன்னைக் காப்பாற்றப்போகிற மருந்து தினமும் ஒரு மாத்திரை. லெட்ரோசோல் 2.5 மி.கி., உடம்பில் ஈஸ்ட்ரோஜென் உண்டாவதைத் தடுப்பது. இது வெறும் துணை மருந்து என்று நினைப்பவர்கள்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் காரியம் கெடுகிறது. லெட்ரோசோலையும் டமாக்ஸிஃபென் என்ற பழைய ஹார்மோன் மாத்திரையையும் ஒப்பிட்ட பிக் 1-98 ஆய்வில், லோபுலர் பெண்களில் எட்டு ஆண்டு முடிவில் நோயின்றி இருந்தவர்கள் லெட்ரோசோலில் 82 சதவீதம், டமாக்ஸிஃபெனில் 66. டக்டலில் இடைவெளி இவ்வளவு இல்லை. காலையில் விரல்கள் மடங்காமல் விறைக்கும், முட்டி வலிக்கும். நடை, தசைப் பயிற்சி இரண்டும் வலியைக் குறைக்கும். தாங்கவில்லை என்றால் நீயாக நிறுத்தாமல், அனஸ்ட்ரோசோலோ எக்ஸிமெஸ்டேனோ மாற்றிக் கேள். ஒன்று ஒத்துவராதவர்களுக்கு இன்னொன்று ஒத்துவருவது சகஜம். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடாதே. இந்த மாத்திரை எலும்பைத் தேய்க்கும். அதனால் தொடங்கும்போதே டெக்ஸா ஸ்கேன் (எலும்பின் அடர்த்தியை அளப்பது), வைட்டமின் டி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூன்று ஆண்டு சோலெட்ரோனிக் அமில ஊசி போட்டால் எலும்புக்கும் நல்லது, எலும்பில் நோய் திரும்புவதையும் குறைக்கும். ஊசிக்கு முன்னால் பல் வேலைகளை முடித்துவிடு. பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

நான்கோ அதற்கு மேலோ நெறிக்கட்டியில் வந்தாலோ, ஒன்று முதல் மூன்று வந்து கட்டி 5 செ.மீ.யைத் தொட்டாலோ, செல் பெருகுவதைத் தடுக்கும் அபெமாசிக்லிப் மாத்திரையை இரண்டு ஆண்டுக்குச் சேர்க்கலாமா என்று பேச்சு வரும். முதல் வாரமே வயிற்றுப்போக்கு தொடங்கும், லோபெரமைடு வீட்டில் இருக்கட்டும். உனக்கு அது தேவைப்படாமலே போகலாம்.

திரும்பி வருமா என்று கேட்டாய். ஹார்மோன் வகைப் புற்று ஐந்து ஆண்டு தாண்டினால் முடிந்துவிட்டது என்பது தவறு. ஐந்து ஆண்டு மாத்திரை முடித்த பெண்களை இருபதாம் ஆண்டு வரை பார்த்த பெரிய தொகுப்பு 2017இல் வந்தது. சின்னக் கட்டி, நெறிக்கட்டியில் இல்லை என்றிருந்தவர்களிலும் 13 சதவீதம் பேருக்கு வேறு உறுப்பில் வந்தது. அது பழைய காலச் சிகிச்சை பெற்றவர்கள் கணக்கு. 100இல் 87 பேருக்கு வரவில்லை என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. அதனால் ஐந்தாம் ஆண்டு முடிவில் ‘இன்னும் நீட்டலாமா?’ என்று கேட்க வேண்டியவள் நீ.

லோபுலர் எலும்புக்குப் போவது மற்றதைப் போலத்தான். ஆனால் வயிறு, குடல், சினைப்பை, வயிற்றுள் படலம், மூளையைச் சுற்றிய படலம் என்று டக்டல் அபூர்வமாகப் போகும் இடங்களுக்கும் போகும். அங்கேயும் கட்டியாகாமல் சவ்வாகப் படரும், ஆகவே சி.டி.யிலும் சாதாரண பெட் ஸ்கேனிலும் மங்கலாகவே தெரியும். இதற்காக வருஷா வருஷம் உடம்பு முழுக்க ஸ்கேன் கேட்காதே; அதனால் ஆயுள் கூடியதாக நிரூபணம் இல்லை. உடம்பு சொல்வதைக் கேள். இரண்டு மூன்று வாரம் விடாத வயிற்று உப்புசம், நாலு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிடுவது, புதிதாக வந்த மலச்சிக்கல், ராத்திரி எழுப்பும் முதுகுவலி, கீழ்த்தாடை மரத்துப்போவது, ஒரு கண் உள்வாங்கியது போலத் தெரிவது. பெரும்பாலும் வேறு சாதாரணக் காரணம்தான் இருக்கும், ஆனாலும் காட்டு.

காட்டும்போது, பதினைந்து ஆண்டு கழித்தென்றாலும், ‘எனக்கு லோபுலர் மார்பகப் புற்று இருந்தது’ என்று முதல் வாக்கியமாகச் சொல். வயிற்று டாக்டர் எண்டோஸ்கோப் விட்டால் உட்சுவரின் மேற்பரப்பு நன்றாகவே தெரியலாம். ஆழமாகப் பல இடத்தில் துணுக்கு எடுக்கச் சொல். எடுத்த துணுக்கில் மோதிரம் போன்ற சிக்னெட் செல்கள் தெரியும். அசல் வயிற்றுப் புற்றிலும் அதே செல்கள்தான். பழைய கதை தெரியாத பாத்தாலஜிஸ்ட் ‘வயிற்றுப் புற்று’ என்று எழுதிவிட்டால், மாத்திரையில் அடங்க வேண்டிய நோய்க்கு வயிற்றையே வெட்டி எடுக்கும் நிலை வரும். ஈஸ்ட்ரோஜென் ரிசப்டர், காட்டா3 என்ற இரண்டு சாயம் போட்டால் விடை தெரிந்துவிடும். பழைய துணுக்கோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் உறுதி.

உன் திசுவை மெழுகுக் கட்டியாக ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்கள். அதன் பிளாக் எண் அறிக்கையின் மேல் வலது மூலையில் இருக்கிறது. போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள். எனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒன்று அனுப்பு. அறுவைத் தேதி தெரிந்ததும் சொல், டிக்கெட் போட வேண்டும்.

அம்மா