செயலாளரின் ஆண்டறிக்கை: இளம் ஆய்வாளர் பயிற்சி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராத உறுப்பினர்களுக்கு இவ்வறிக்கை தபாலில் அனுப்பப்படும். அவர்களைப் பற்றிய பகுதி பிற்பாதியில் இருக்கிறது.

செயற்குழு விதிப்படி கூடியது. ஆண்டுச் சொற்பொழிவு நடைபெற்றது. உறுப்பினர் பதிவேடு புதுப்பிக்கப்பட்டது. முன்பிருந்த தணிக்கையாளரே தொடர்கிறார்.

இனிப் பயிற்சிக்கு வருகிறேன். சமூக அறிவியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்வோருக்கும், பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆனவர்களுக்கும் செயற்கை நுண்ணறிவு முறைகளைக் கற்பிப்பதெனச் சென்ற பொதுக்குழு தீர்மானித்தது. எப்படி என்பதைச் செயலாளரிடம் விட்டது. அப்படி விட்டவர்கள்தாம் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “முதல் இரண்டு வாரங்கள் கணினியையே திறக்கவில்லையாமே?” பதிலை எழுத்திலேயே வைத்துவிடுகிறேன்.

ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, இது பாராட்டா கண்டனமா என்று கேட்டால், மொழி மாதிரி எனப்படும் செயற்கை நுண்ணறிவு நிரல் நொடியில் விடை சொல்லும். அந்த விடை சரியா என்று பார்க்க, மனிதர்கள் கையால் குறியிட்ட தொகுப்பு வேண்டும். அதைத் தயாரிக்கத் தெரியாமல் மாதிரியை இயக்குவது தராசில்லாமல் கடை திறப்பது போன்றது. ஆகவே 200 வாக்கியங்களைக் காகிதத்தில் அச்சிட்டு, ஒருவர் மற்றவரைப் பார்க்காமல் குறியிடச் சொன்னேன்.

முதல் பக்கம் முடிவதற்குள் தகராறு வந்துவிட்டது. வாக்கியம் இது: “அமைச்சருக்கு நன்றி; மழை விட்ட மறுநாளே வடிகாலைத் தூர்வாரத் தொடங்கிவிட்டார்.” சிலர் பாராட்டு என்று போட்டிருந்தார்கள், சிலர் கண்டனம் என்று. ஒருவர் ‘தகவல்’ என்று எழுதி, அடித்து, மறுபடியும் ‘தகவல்’ என்றே எழுதியிருந்தார். அன்றைய அமர்வு முழுவதும் இதிலேயே போயிற்று. நேரம் வீண் என்று புகார் வந்தது. ஆனால், நம் குறியீட்டு விதிகளில் கிண்டலுக்கென ஒரு விதி எடுத்துக்காட்டுகளோடு ஏறியது அன்றுதான். பின்னர் இதே வாக்கியத்தை மாதிரியிடம் கொடுத்தபோது அது தயக்கமே இல்லாமல் ‘பாராட்டு’ என்றது. விதியையும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் ‘கண்டனம்’ என்றது. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம் என்றே நினைக்கிறேன். ஆனாலும் புகார் எழுத்தில் வந்திருப்பதால் தொடர்கிறேன்.

இரண்டு பேர் 90 விழுக்காடு ஒத்துப்போனார்கள் என்றால் போதாதா என்று கேட்கப்பட்டது. 100 வாக்கியங்களில் 90 நடுநிலையானவை என்றால், எதையும் படிக்காமல் எல்லாவற்றுக்கும் ‘நடுநிலை’ என்று போடுகிறவரும் 90 வாங்கிவிடுவார். தற்செயலாக அமையும் உடன்பாட்டைக் கழித்துப் பார்க்க 1960-இல் ஜேக்கப் கோஹன் தந்த காப்பா அளவையில் அவருக்குக் கிடைப்பது சுழியம். இளம் ஆய்வாளர்கள் இந்தக் கணக்கைக் கையாலேயே போட்டார்கள்.

தரவு பெரிதாக இருந்தால் பிழை தானே அடங்கிவிடும் என்பது மூத்த உறுப்பினர் ஒருவரின் வாதம். 1936 அமெரிக்கத் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் 20 லட்சத்துக்கும் அதிகமான விடைச்சீட்டுகளைத் திரும்பப் பெற்று, ரூஸ்வெல்ட் தோற்பார் என்று கணித்தது. அவர் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். தேடல் சொற்களை வைத்துக் காய்ச்சல் பரவலைக் கணித்த கூகுள் ஃப்ளூ டிரெண்ட்ஸ் 2012–13 பருவத்தில் உண்மையைவிட மிகக் கூடுதலாகச் சொன்னது. அந்த உறுப்பினர் இன்று வரவில்லை.

மற்ற அமர்வுகள் குறைவின்றி நடந்தன. ஒரே ஆளின் பதிவுகள் மாதிரி கற்கும் பயிற்சித் தரவிலும் அதைச் சரிபார்க்கும் சோதனைத் தரவிலும் கலந்துவிடாமல் பிரிப்பது, மாதிரியின் பதிப்பையும் கொடுத்த கட்டளையையும் தேதியோடு பதிந்துவைப்பது, நேர்காணல் எழுத்துப்படிகளைச் சம்மதம் பெறாமல் வெளிச் சேவை எதிலும் இடாதிருப்பது ஆகியவை கற்பிக்கப்பட்டன. சமூக ஊடகத் தரவு சேகரிப்பு அமர்வுக்கு ஒப்புக்கொண்டிருந்தவர் அன்று காலை வர இயலாது என்று செய்தி அனுப்பினார். அவர் முன்பே அனுப்பியிருந்த பாடக்குறிப்பு, சமூக ஊடகப் பதிவுகளைத் திரட்டித் தந்து 2024 ஆகஸ்டில் நிறுத்தப்பட்ட கிரவுட்டேங்கிள் என்ற கருவியை இன்னும் இயங்குவதாக வைத்து எழுதப்பட்டிருந்தது. அமர்வை நானே எடுத்தேன்.

ஒவ்வோர் இளம் ஆய்வாளருக்கும் ஒரு மூத்த உறுப்பினர் வழிகாட்டி என்று சென்ற பொதுக்குழுவில் பெயர்கள் வாசிக்கப்பட்டன, கைதட்டலும் கிடைத்தது. அதற்குப் பிறகு அவர்களில் பெரும்பாலோரைச் சான்றிதழ் வழங்கும் நாளில்தான் பார்க்க முடிந்தது. அன்று மட்டும் வருகைக்குக் குறைவில்லை. புகைப்படத்தில் பயிற்சி பெற்றவர்கள் பின்வரிசையில் இருக்கிறார்கள்.

சந்தா பாக்கி வைத்திருப்போர் பட்டியலை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் இவ்வறிக்கை இன்னும் நீண்டிருக்கும். நினைவூட்டல் அனுப்பியபோது “சங்கம் எனக்கு என்ன செய்தது?” என்று ஒருவர் பதில் எழுதினார். அவரிடம் ஆய்வு செய்யும் இருவர் கட்டணமின்றி நம்மிடம் பயின்றவர்கள்.

வரவு செலவை விரிவாகப் பொருளாளர் வைப்பார். வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு சற்றுக் கூடுதல், இடைவெளி வைப்பு நிதியிலிருந்து சரிக்கட்டப்பட்டது. மாதிரிகளை இயக்க வாடகைக்கு எடுத்த கணினி நேரமே பெரிய செலவு. வேலை முடிந்தும் இயந்திரத்தை நிறுத்தாமல் சிலர் வீட்டுக்குப் போனதும் அதில் அடங்கும். பாடப்பொருளுக்குச் செலவில்லை. 2017-இல் சமூகவியலாளர்கள் கிறிஸ் பெயிலும் மேத்யூ சல்கானிக்கும் தொடங்கிய கோடைப் பயிற்சி தன் பாடங்களை எவரும் எடுத்தாளும்படி வெளியிட்டிருப்பது நமக்குக் கைகொடுத்தது.

அரங்கம் தந்தவர்களுக்கும், அச்சிட்டுத் தந்தவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பெயர் விடுபட்ட அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு இப்போதே விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. இருக்கும் நிதியில் கணினி நேரம் பாதிப் பயிற்சிக்கே போதும். மீதிப் பாதிக்கு என்ன வழி என்பதை, பாக்கி உள்ளவர்கள் என்னைவிட நன்கு அறிவார்கள். இப்பொறுப்பை ஏற்க எவரேனும் முன்வந்தால் குறியீட்டு விதிகளையும் 200 வாக்கியங்களையும் இன்றே ஒப்படைக்கத் தயார். எவரும் வராவிட்டால் நான் தொடர்வேன். முதல் இரண்டு வாரங்கள் காகிதத்திலேயே நடக்கும். ரசீதுப் புத்தகம் பொருளாளரின் மேசையில் இருக்கிறது. கூட்டம் கலையும் வரை அவர் அங்கேயே இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்