டிவிஎஸ் 50 அண்ணனுக்கு நன்றி

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியது. நாலாம் நாள் திருச்சியிலிருந்து தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி, தண்ணீர் கேன்களோடு கிளம்பினோம். மன்னார்குடி தாண்டியதும் போனில் சிக்னல் இல்லை. திருத்துறைப்பூண்டிக்கு அப்பால் கும்மிருட்டு. வழிநெடுகச் சாய்ந்த தென்னை, ஒடிந்த மின்கம்பம். (மேப்பை நம்பிக் கிளம்பியது எங்கள் அசட்டுத்தனம்.)

அப்போதுதான் டிவிஎஸ் 50-இல் வந்து நின்றீர்கள். "என் பின்னாடியே வாங்க தம்பி." வயல் வரப்பை ஒட்டிய ஏதேதோ பாதை. வண்டி சேற்றில் சிக்கியபோது தென்னை மட்டையை டயருக்கடியில் செருகித் தள்ளினீர்கள்.

உங்கள் வீட்டுக்கே கூரை இல்லை என்று பிறகு ஊரில்தான் சொன்னார்கள். தார்ப்பாய் நீட்டினோம். "முதல்ல உப்பளத்து ஆளுங்களுக்குக் குடுங்க" என்று கிளம்பிவிட்டீர்கள்.

பெயர்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நன்றி, அண்ணே.