க்ளாக்கைக் குறைப்பதா, நிறுத்துவதா?

அன்புள்ள நண்பா,

இரண்டு மாதமாகப் பதில் போடாதது தப்புதான், திட்டிக்கொள். அம்மாவுக்குக் கால் வலி தேவலையா? மாமா இன்னும் அந்த ரேடியோவைப் பிரித்துப் போட்டபடியேதான் இருக்கிறாரா?

சரி, உன் போர்டு. எஸ்டி கார்டின் க்ளாக்கை, அதாவது பிட்டுகளுக்குத் தாளம் போடும் துடிப்பை, எந்நேரமும் 3.3 வோல்ட்டில் 50 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் விடாமல் பேட்டரியை மிச்சம் பிடிக்கப் போகிறாயாமே. கஞ்சப் பிரபுவே, கணக்கு இடிக்கிறது. நாலு பிட் பஸ்ஸில், அதாவது நாலு டேட்டாக் கம்பியில், 50 என்றால் நொடிக்கு 25 எம்பி. 208 மெகாஹெர்ட்ஸ் என்றால் 104. 100 எம்பி படிக்க ஒரு நொடி போதுமென்ற இடத்தில் நாலு நொடி கன்ட்ரோலரும் ராமும் சிபியுவும் விழித்துக் கிடக்கும். கம்பியில் ஒரு பிட் போக ஆகும் சக்தி வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. க்ளாக்கைக் குறைத்தால் அது குறையாது. 208-க்கு 1.8 வோல்ட் கட்டாயம். அதற்கு மாறினாலே பிட்டுக்கு ஆகும் செலவு பத்தில் மூன்று பங்காகிவிடும்.

நிஜமாக மிச்சம் பிடிக்க முடிவது கார்டுக்கு வேலையில்லாத நேரத்தில்தான். அப்போது க்ளாக்கை அடியோடு நிறுத்து. ஆனால் கட்டளை முடிந்ததும் வெட்டிவிடாதே. இன்னும் 8 சுற்று ஓடட்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது 'வேலையாக இருக்கிறேன்' என்று காட்ட, கார்டு டேட்0 என்ற டேட்டாக் கம்பியைக் கீழே இழுத்து வைத்திருக்கும். க்ளாக் இல்லாவிட்டாலும் உள்ளே எழுதும் வேலை முடிந்துவிடும், ஆனால் ஒரு க்ளாக் விளிம்பாவது வராமல் அந்தக் கம்பியை விடாது. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் டைம்அவுட் என்று கத்தும், நீ கார்டைக் குறை சொல்வாய். பக்கத்து ஸ்லாட்டில் எஸ்டிஐஓ வைஃபை (எஸ்டி பஸ்ஸிலேயே பேசும் வைஃபை சிப்பு) இருந்தால் அதன் க்ளாக்கில் கை வைக்காதே: நாலு பிட்டில், அசிங்க் இன்டரப்ட் (க்ளாக் இல்லாமலே கூப்பிடும்) வசதி இல்லாத சிப்பு க்ளாக் நின்றால் உன்னைக் கூப்பிடவே முடியாது.

க்ளாக்கை ஏற்றி இறக்குவது, சென்சார் பதிவு மாதிரி இடைவிடாமல் சொட்டுச் சொட்டாக வரும் வேலைக்குத்தான். குவால்காம் சிப்புகளுக்கான லினக்ஸ் கெர்னலில் 100 மில்லிநொடிக்கு ஒரு முறை அளந்து, பஸ் 35 சதவீதத்துக்கு மேல் வேலையாக இருந்தால் ஏற்றுவார்கள், 5-க்குக் கீழ் போனால் இறக்குவார்கள். நடுவில் அவ்வளவு இடைவெளி வேண்டும், இல்லையென்றால் ஊஞ்சல்தான். 208-க்குத் திரும்பும்போது ட்யூனிங், அதாவது டேட்டாவைச் சரியான கணத்தில் படிக்கச் செய்த நேரச் சரிப்படுத்தல், பழசாகியிருக்கலாம். சிஎம்டி19 என்ற ட்யூனிங் கட்டளையை 40 தடவை வரை அனுப்ப நேரிடும். அடிக்கடி ஏறி இறங்கினால் மிச்சமானதை அதுவே தின்றுவிடும்.

கெர்னல் தன் உள்நிலையைக் காட்டும் டீபக்எஃப்எஸ்-இல் ஐஓஎஸ் கோப்பைப் பார்த்து, கேட்ட க்ளாக்தான் கிடைத்ததா என்று சரிபார். கரண்ட்டை மட்டும் அதை வைத்து ஊகிக்காதே. கார்டு சப்ளையில் 0.1 ஓம் ரெசிஸ்டர் போட்டு, அதில் விழும் வோல்ட்டேஜை ஸ்கோப்பில் பார்.

ஸ்கோப் என்றதும் ஞாபகம் வருகிறது: என் புரோபு உன்னிடம்தான் இருக்கிறது.

உன்
குட்டிச்சாத்தான்