நெபுலாவுக்குப் பின்னால் இருப்பதையும் பாருங்கள்

வான் ஒளிப்படப் போட்டிகளை நடத்துபவர்களுக்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம்.

நெபுலா எனும் வாயு-தூசு மேகங்கள், கேலக்ஸி எனும் விண்மீன் கூட்டங்கள் போன்றவை இடம்பெறும் ஆழ்வான் பிரிவுக்குப் படம் அனுப்பும்போது பல போட்டிகளில் நீங்கள் கேட்பது ஒரே ஒரு கோப்பைத்தான்: எல்லா மெருகும் முடிந்த ஜேபெக். இனிமேல் அதோடு இன்னொன்றையும் கட்டாயமாக்குங்கள். ஸ்டாக் செய்த (பல ஃபிரேம்களை ஒன்றாக அடுக்கிச் சேர்த்த) கையோடு, ஸ்ட்ரெட்ச் செய்யாமல் (மங்கலான ஒளியைத் தூக்கிக் காட்டாமல்), நாய்ஸ் (படத்தில் விழும் புள்ளி இரைச்சல்) நீக்காமல் சேமித்த மூலக் கோப்பு. இறுதிச் சுற்றுக்கு வரும் படங்களுக்கு மட்டும் கேட்டால்கூடப் போதும்.

பரிசு வாங்கும் நெபுலா படங்கள் பலவற்றில் சமீப காலமாக ஒரே சாயல் தெரிகிறது. நடுவில் வாயுவும் தூசும் ஜொலிக்கும். சுற்றிலும் வழவழவென்று இருட்டு, அதில் ஒன்றுமே இருக்காது. தூசு அடர்ந்த சில திசைகளை விட்டால் வானத்தில் அப்படி வெறுமையான இடம் கிடையாது. 1995 டிசம்பரில் ஹபிள் தொலைநோக்கி, பெரிதாக எதுவும் தெரியாத ஒரு துண்டு வானத்தை 10 நாள் விடாமல் படமெடுத்தது. கிடைத்தவை சுமார் 3,000 கேலக்ஸிகள். நம் கருவிகளுக்கு அந்த ஆழம் எட்டாதுதான். ஆனாலும் பால்வெளியின் தளத்தை விட்டு விலகி நிற்கும் ஒரு நெபுலாவை, நல்ல இருட்டு வானில், முழு நிற ஒளியில் நெடுநேரம் எடுத்தால் பின்னணியில் கேலக்ஸிகள் வந்தே தீரும். ஹெலிக்ஸ் நெபுலா நமக்குச் சுமார் 650 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதன் வாயு வளையத்தின் ஊடாகவே, கோடிக்கணக்கான ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள கேலக்ஸிகளைப் பார்க்கலாம்.

அவை படத்தில் எப்படி விழுகின்றன என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். 500 மி.மீ. குவியத்தூரம், 3.76 மைக்ரான் பிக்சல். நம்மில் பலர் வைத்திருக்கும் அமைப்புதான். இதில் ஒரு பிக்சல் என்பது வானத்தில் சுமார் 1.55 ஆர்க்செகண்ட் (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு ஓர் ஆர்க்செகண்ட்). ஒரு லட்சம் ஒளியாண்டு அகலமுள்ள கேலக்ஸி நூறு கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருந்தால், தோராயக் கணக்குக்கு 13 பிக்சல் வரும். விளிம்பு மங்கல் என்பதால் படத்தில் தங்குவது அதிலும் குறைவு. 200 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். அக்கம்பக்கத்து விண்மீன்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த உருண்டைகள். இது மட்டும் லேசாக ஒரு பக்கம் நீண்டிருக்கும். நடுவில் மங்கிய மஞ்சள். ஓரம் எங்கே முடிகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது.

இதன்மேல் நாய்ஸ் நீக்கும் மென்பொருளைத் தாராளமாக ஓட்டினால், அது நாய்ஸோடு நாய்ஸாகக் கரைந்துபோகும். விண்மீன் நீக்கும் மென்பொருள் இதையும் விண்மீன் என்று எடுத்துக்கொண்டு கழற்றிவிடும். கூர்மையாக்கும் மென்பொருள் இன்னும் ஒரு படி மேலே போய் இதை உருட்டித் திரட்டி விண்மீனாகவே மாற்றும். சில நேரம் இல்லாத நெளிவுகளையும் வரைந்து தரும். மூன்றில் எனக்குப் பெரிய பயம் இந்தக் கடைசி வகைதான். அழிந்ததையாவது இன்னொருவர் படத்தோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம். வரைந்து சேர்த்தது பார்க்க அழகாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது.

பின்னணி காலியாக இருந்தாலே மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு குறுகிய நிறப் பட்டையை மட்டும் உள்ளே விடும் குறும்பட்டை ஃபில்டரில் எடுத்த படத்தில் கேலக்ஸிகள் தெரியாமல் போவது இயல்பு. ஹைட்ரஜன் ஆல்ஃபா எனப்படும் ஹைட்ரஜனின் சிவப்பு ஒளி 656.3 நானோமீட்டரில் ஒளிர்கிறது. அதைச் சுற்றி 3 நானோமீட்டர் மட்டும் விடும் ஃபில்டர், நெபுலாவின் அந்த ஒளியைக் கிட்டத்தட்ட முழுதாகவே விடும். கேலக்ஸியின் ஒளியோ எல்லா நிறத்திலும் பரவிக் கிடப்பது. அதில் பெரும்பங்கு வெளியிலேயே நின்றுவிடும். அதன் சொந்த ஹைட்ரஜன் ஒளிகூட, தொலைவிலுள்ளவற்றில், சிவப்புப் பெயர்ச்சியால் (விலகிச் செல்வதன் ஒளி சிவப்புப் பக்கம் நகர்வதால்) ஃபில்டரின் எல்லையைத் தாண்டிப் போயிருக்கும். ஆகவே எந்த ஃபில்டர், எவ்வளவு நேரம் என்று தெரியாமல் பின்னணியை மதிப்பிட முடியாது. குறும்பட்டைப் படங்களுக்கு நிறம் ஒதுக்கும் ஹபிள் பேலட் முறையிலும் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று சொல்லிவிட்டுக் கொடுத்தால் அது நேர்மையான வரைபடம்.

இதய நெபுலாவும் ஆன்மா நெபுலாவும் போட்டிகளுக்குச் சலிக்காமல் வருபவை (எனக்குச் சலித்துவிட்டது, அது வேறு கதை). இவற்றின் பட்டியல் பெயர்கள் ஐசி 1805, ஐசி 1848. இரண்டையும் அகலமாக எடுத்த முழு நிறப் படத்தில் மங்கலான, சிவந்த இரண்டு திட்டுகள் கிடைக்க வாய்ப்புண்டு. மாஃபெய் 1, மாஃபெய் 2. நம் பால்வெளியின் தூசு அவற்றின் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடுவதால் 1968 வரை அவை கேலக்ஸிகள் என்றே யாருக்கும் தெரியாது. இத்தாலிய வானியலாளர் பவ்லோ மாஃபெய் அகச்சிவப்பு ஒளிப்படத் தகடுகளில் கண்டெடுத்தார். இதயத்தின் சிவப்பைவிட அந்த இரண்டு திட்டுகளைக் காப்பாற்றிக் கொண்டுவந்தவருக்குத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

மங்கலானதை மதித்ததால் அமெச்சூர்களுக்குக் கிடைத்தது கொஞ்சநஞ்சமல்ல. 2004 ஜனவரியில் ஜே மெக்நீல் 76 மி.மீ. தொலைநோக்கியில் எடுத்த படத்தில், எம் 78 நெபுலாவுக்கு அருகே அதுவரை பட்டியல்களில் இல்லாத ஒரு சிறு நெபுலா தெரிந்தது. 2008-இல் டேவ் ஜுராசெவிச் சிக்னஸ் விண்மீன் குழுப் பகுதியில் ஒரு மெல்லிய வட்டத்தைக் கண்டார். இன்று அதை சோப்புக் குமிழி நெபுலா என்கிறோம். 2016-இல் அர்ஜென்டினாவின் விக்டர் பூசோ, புதிய கேமராவைச் சோதிக்க என்ஜிசி 613 கேலக்ஸியை எடுத்துக்கொண்டிருந்தபோது, முதலில் எடுத்த ஃபிரேம்களில் இல்லாத ஒரு புள்ளி பிந்தைய ஃபிரேம்களில் முளைத்தது. வெடித்துச் சிதறும் விண்மீனான சூப்பர்நோவா ஒன்றின் முதல் ஒளி. ஆய்வுக்கட்டுரை 2018-இல் நேச்சர் இதழில் வந்தது.

ஆண்ட்ரோமெடா கேலக்ஸிக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் ஒளியில் ஒன்றரை பாகை நீளத்துக்குக் கிடந்த ஒளி வளைவை 2023-இல் அறிவித்தவர்களில் யான் செயின்டி, மார்செல் ட்ரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ராட்னர் மூவரும் அமெச்சூர்கள். வானத்தில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட கேலக்ஸியின் பக்கத்திலேயே அது இருந்தது. மற்றத் தொலைநோக்கிகளின் தரவிலும் அது தெரிந்ததால்தான் நம்பினார்கள். அந்தப் படத்துக்கு அதே ஆண்டு கிரீனிச் ராயல் ஆப்சர்வேட்டரி போட்டியில் ஒட்டுமொத்தப் பரிசு கிடைத்தது. ஆக, இப்படிப்பட்ட உழைப்பை அடையாளம் காண உங்களுக்குத் தெரியாமல் இல்லை.

மூலக் கோப்பு வந்ததும் நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. அதை ஒரே அளவில் ஸ்ட்ரெட்ச் செய்து, இறுதிப் படத்தோடு மாற்றி மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். நெபுலா இல்லாத ஒரு மூலையை எடுத்துக்கொண்டு, இதில் இருப்பது அதில் இருக்கிறதா, அதில் இருப்பது இதில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எம் 81 கேலக்ஸியைச் சுற்றிப் படரும் மங்கலான தூசுப் புகை போன்றவற்றை, பின்னணி சமன்செய்யும்போது ஒளி மாசு என்று கழித்துவிட்டார்களா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

கோப்பு பெரிதாயிற்றே என்பீர்கள். 26 மெகாபிக்சல் கேமராவின் 32 பிட் நிறக் கோப்பு 300 எம்பி சொச்சம். 20 இறுதிப் படங்களுக்கு 6 ஜிபி சொச்சம், ஒரு சின்ன பென் டிரைவில் அடங்கிவிடும். அடுத்த போட்டியின் விதிமுறைகளை அச்சுக்கு அனுப்பும் முன் இந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆழ்வான் படம் எடுப்பவர்களில் ஒருவன்